கயாக்கைப் படகின் பின்னால் கட்டி இழுப்பது: கயிற்றின் மறுமுனையில் என்ன நடக்கிறது?

சனி, ஞாயிறு காலைகளில் பினாங்குத் தீவின் தெலுக் பஹாங் ஜெட்டியில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு கட்டாயம் காதில் விழும். குரங்குக் கடற்கரைக்கோ பந்தாய் கெராச்சுட்டுக்கோ படகு பேசிவிட்டு வந்த கூட்டம், கூடவே துடுப்புப் போட்டு ஓட்டும் ஒல்லியான சிறு படகான கயாக் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கும். படகுக்குள் ஆளுக்கும் ஐஸ் பெட்டிக்குமே இடம் சரியாகப் போய்விடும். "பின்னால கட்டிடுங்கண்ணே, அது பாட்டுக்கு வரும்" என்பார் ஒருவர். "நாப்பது குதிரை எஞ்சின், இந்தப் பிளாஸ்டிக்கை இழுக்காதா?" என்பார் இன்னொருவர்.

எஞ்சின் இழுக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கயாக் அது பாட்டுக்கு வராது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கட்டிய கொஞ்ச நேரத்தில் மூக்கு தண்ணீரைக் குத்தும், பக்கவாட்டில் ஊசலாடும், கவிழும், நிறையும், சில நேரம் இழுத்த படகின் மேலேயே வந்து மோதும். இவை எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. காரணம் புரிந்தால் என்ன செய்யவேண்டும் என்பதும் பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

கயிற்றுக்கு இழுக்க மட்டுமே தெரியும்

கோயில் தேரோட்டத்தைக் காணொளியிலாவது பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள் கையில் இல்லை. சக்கரத்துக்கடியில் முட்டுக்கட்டை போடுகிற நாலைந்து பேர்தான் அதைச் செய்கிறார்கள். வடத்தைப் பிடித்துக்கொண்டு தேரைப் பின்னால் தள்ள முடியாது, பக்கத்தில் நகர்த்தவும் முடியாது. இறக்கத்தில் தேர் ஓடிவந்தால் வடம் தொய்ந்து தரையில் கிடக்கும், அவ்வளவுதான்.

படகுக்கும் கயாக்குக்கும் நடுவில் இருப்பதும் அதே மாதிரி ஒரு வடம். வித்தியாசம், கடலில் முட்டுக்கட்டை போட ஆள் கிடையாது. கயாக்கை நேராக வரச்செய்வதும், நிற்கும்போது நிற்கச்செய்வதும் தண்ணீரின் எதிர்ப்பு மட்டுமே. தண்ணீர் கயாக்கைப் பின்னோக்கிப் பிடித்துவைக்கும் இந்த எதிர்ப்பைத்தான் இனிமேல் இழுவை என்று சொல்லப்போகிறேன்.

சுருக்கமாக: முன்னால் கயிறு, பின்னால் இழுவை. இரண்டும் ஒரே கோட்டில், ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை கயாக் ஒழுங்காக வரும். கோடு கோணினாலும் கயிறு தொய்ந்தாலும் கதை மாறிவிடும்.

வேகத்துக்கு எல்லை போடுவது கயாக்கின் நீளம்

தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் எந்தப் படகும் மூக்கில் ஓர் அலையை எழுப்பும். வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடும். அதாவது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரம் அதிகமாகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீளமும் ஒன்றாகிவிடும். முதல் முகடு மூக்கில், அடுத்த முகடு வாலில், நடுவில் பள்ளம். இதற்கும் மேல் வேகம் கூட்டினால் பின்முகடு வாலைத் தாண்டிப் பின்னுக்குப் போய்விடும், வால் பள்ளத்தில் இறங்கும். அந்தப் படகு தான் எழுப்பிய அலையின் மேல் தானே ஏற முயன்று திணறும்.

இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தியவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1870-களில் டார்க்கியில் நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, அதில் சின்னச் சின்னக் கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்த்துத்தான் பெரிய கப்பல்களின் இழுவையைக் கணித்தார். நாம் பேசும் விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆராய்ச்சிக்கூடம் கிடைக்காது.

அவர் வழியில் வந்த எளிய கணக்கு இது. கயாக்கின் அடிப்பாகத்தில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீளத்தை (நீர்க்கோட்டு நீளம்) மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43-ஆல் பெருக்கினால் எல்லை வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். நீர்க்கோடு 3 மீட்டர் என்றால் சுமார் 4.2 நாட். 4 மீட்டர் என்றால் 4.9. 5 மீட்டர் நீளக் கடல் கயாக்குக்கு 5.4. வாடகைக்குக் கிடைக்கும் குட்டையான பிளாஸ்டிக் கயாக்குகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு கணக்குக்குள் அடங்கிவிடும்.

இது சுவர் மாதிரியான எல்லை இல்லை. கயாக் மெலிந்த உடம்புக்காரன், துடுப்புப் போட்டியில் வீரர்கள் இதைத் தாண்டிப் போகிறார்கள். ஆனால் தாண்டும்போது இழுவை செங்குத்தாக ஏறுகிறது. எல்லைக்குக் கீழேயே வேகம் இரண்டு மடங்கானால் இழுவை ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். துடுப்புப் போடுகிறவருக்கு அது கையில் தெரியும், களைத்துப்போய்க் குறைத்துக்கொள்வார். நாற்பது குதிரைசக்தி எஞ்சினுக்குக் கை வலிக்காது. அதனால்தான் பலமான எஞ்சின் இங்கே உதவியே இல்லை என்கிறேன். அது கயாக்கின் முறையீட்டை ஓட்டுநரின் காதுக்கு எட்டவிடாமல் மறைத்துவிடுகிறது.

தெலுக் பஹாங்கிலிருந்து கிளம்பும் விரைவுப் படகுகள் 20 நாட்டைச் சாதாரணமாகத் தொடும். அந்த வேகத்தில் காலியான கயாக் நீரைக் கிழிக்காது, நீரின் மேல் துள்ளும். ஒவ்வொரு துள்ளலிலும் கயிறு தொய்ந்து வெடுக்கென்று இறுகும். முதலில் போவது கயாக்கின் மூக்கில் இருக்கும் பிளாஸ்டிக் கைப்பிடிதான். இழுத்துப்போகிறீர்கள் என்றால் 4, 5 நாட்டுக்குள் போங்கள். அவ்வளவு மெதுவாகப் போகப் பொறுமையில்லை என்றால் கயாக்கைப் படகுக்குள் ஏற்றுங்கள்.

மூக்கு குத்துவதும் வால் ஆடுவதும்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு தொல்லை இங்கேதான் பிறக்கிறது.

கயாக்கின் கைப்பிடி மேல்தளத்தில், மூக்கின் உச்சியில் இருக்கும். தூக்குவதற்காக வைத்தது அது. கயிறு கட்ட அதைவிட வசதியான இடம் இல்லாததால் எல்லாரும் அதிலேயே கட்டுகிறார்கள். இப்போது விசைகள் எங்கே செயல்படுகின்றன என்று பாருங்கள். கயிறு மேலே இருந்து முன்னால் இழுக்கிறது. தண்ணீர் கீழே இருந்து பின்னால் பிடிக்கிறது. மேலே முன்னோக்கி, கீழே பின்னோக்கி என்றால் கயாக் தலைகுப்புறச் சாயத்தான் பார்க்கும். மூக்கு தாழும். தாழ்ந்த மூக்கு இன்னும் அதிகத் தண்ணீரைத் தள்ளும், இழுவை கூடும், மூக்கு இன்னும் தாழும்.

அடுத்தது ஆட்டம். நேராக வரவேண்டிய பொருளை முன்முனையில் இழுக்கவேண்டும், பிடிமானம் பின்னால் இருக்கவேண்டும். அப்போது வால் பக்கத்தில் விலகினாலும் தண்ணீர் அதைத் தள்ளி மறுபடி கோட்டுக்குக் கொண்டுவந்துவிடும். மூக்கு ஆழப் புதைந்தால் இது தலைகீழாகிறது. தண்ணீரைப் பிடிக்கிற இடம் மூக்குக்கு நகர்ந்துவிடுகிறது, வால் மேலே தூக்கிக்கொண்டு பிடிமானம் இல்லாமல் அலைகிறது. கயாக் ஒரு பக்கம் ஓடும், கயிறு இறுகி இழுத்ததும் மறுபக்கம் ஓடும். சுற்றுக்குச் சுற்று வீச்சு கூடும்.

கடைசியில் ஏதோ ஒரு சுற்றில் கயாக் படகுக்குக் குறுக்கே நின்றுவிடும். கயிறு மேல்தளத்தைப் படகின் பக்கம் இழுக்கும், அடிப்பாகத்தைத் தண்ணீர் எதிர்ப்பக்கம் பிடித்துவைக்கும். கண்மூடித் திறப்பதற்குள் கவிழ்ந்துவிடும். மூக்கு குத்துவது, ஆடுவது, கவிழ்வது என்று மூன்று நோயாகத் தெரிவது உண்மையில் ஒரே நோய். கயிறு உயரத்தில் கட்டப்பட்டிருப்பதுதான் வேர்.

மருந்தும் ஒன்றுதான்: இழுப்பைக் கீழே கொண்டுவாருங்கள். கயாக்கின் மூக்கிலிருந்து அரை மீட்டர், முக்கால் மீட்டர் பின்னால் ஒரு கயிற்றை உடம்பைச் சுற்றி வளையமாகக் கட்டுங்கள். வளையத்தின் முடிச்சு அடியில், நடுக்கோட்டில் வரவேண்டும். இழுகயிறு அங்கிருந்து புறப்பட்டு மூக்கின் அடிவழியாக முன்னால் போகவேண்டும். வளையம் பின்னால் சறுக்காமலிருக்க அதைக் கைப்பிடியோடு ஒரு சிறு கயிற்றால் பிணைத்துவிடுங்கள். இப்போது இழுக்க இழுக்க மூக்கு மேலே எழும். குறுக்கே திரும்பினாலும், இழுப்பு அடியில் இருப்பதால் கவிழ்க்கும் விசை பெருமளவு குறைந்துவிடும்.

இதோடு பின்பாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கயாக்கில் ஏதாவது வைத்தே தீரவேண்டுமென்றால் வால்பக்கம், தாழ்வாக, அசையாமல் கட்டிவையுங்கள். ஸ்கெக் இருந்தால் இறக்கிவிடுங்கள். ஸ்கெக் என்பது வாலுக்கடியில் மீன் துடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தகடு. பிடிமானத்தைப் பின்னுக்கு நகர்த்துவது மட்டுமே அதன் வேலை.

சுருக்கமாக: இழுப்பு தாழ்வாக, மூக்கு லேசாக, வால் கனமாக.

படகின் பக்கம் எங்கே கட்டுவது

படகின் பின்பக்கம் இரண்டு மூலையிலும் கிளீட் இருக்கும். கயிற்றைச் சுற்றிக் கட்டும் இரட்டைக் கொம்புதான் கிளீட். ஒரே கிளீட்டில் கட்டினால் இழுப்பு ஒரு மூலையிலிருந்து வரும். கயாக் கோணலாக வரும், படகும் அந்தப் பக்கம் திரும்பப் பார்க்கும். இரண்டு கிளீட்டிலிருந்தும் சம நீளத்தில் இரண்டு கயிறு எடுத்து, எஞ்சினுக்குப் பின்னால் ஒரு வளையத்தில் சேர்த்து, அங்கிருந்து ஒற்றைக் கயிறாக விடுவது நல்லது. கவைக்கோல் வடிவத்தில் இருக்கும் இந்தக் கட்டுக்குப் பிரைடல் என்று பெயர்.

கயிறு எவ்வளவு நீளம்?

"நீளமா விட்டா இழுவை கூடும்" என்று சிலர் சொல்வார்கள். கயிற்றின் சொந்த இழுவை அற்பம். நீளத்தை முடிவுசெய்வது வேறு ஒன்று: படகின் பின்னால் வரிசையாக எழும் அலைகள்.

எந்த வேகத்தில் போகிறோமோ அந்த வேகத்துக்கென்று ஓர் அலைநீளம் உண்டு என்று முன்பே பார்த்தோம். 5 நாட்டில் அது 4.2 மீட்டர் அளவில் இருக்கும், 6 நாட்டில் 6 மீட்டர். படகுக்குப் பின்னால் இந்த இடைவெளியில் மேடும் பள்ளமும் மாறிமாறி வரும், அவை படகோடு சேர்ந்தே நகரும். கயாக் ஒரு முகட்டின் பின்சரிவில் மாட்டிக்கொண்டால் பயணம் முழுக்க மேடேறிக்கொண்டே இருக்கும், கயிறு விண்ணென்று நிற்கும். முன்சரிவில் ரொம்ப இறங்கிவிட்டால் படகை நோக்கி வழுக்கி ஓடிவரும், கயிறு தொய்ந்து ஆட்டம் தொடங்கும். முகட்டை ஒட்டி, மிக லேசாக முன்பக்கம் சாய்ந்த இடம்தான் சுகமான இடம். கயிறு இறுக்கமாகவும் இருக்கும், அழவும் அழாது.

புத்தகத்தில் நீளத்தைத் தேடாதீர்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது அலையில் தொடங்கி, கை அளவு விட்டும் இழுத்தும் பாருங்கள். வேகம் மாறினால் அந்த இடமும் மாறும். திறந்த கடலில் 10, 15 மீட்டர் வரை விடலாம்.

பினாங்கில் அதற்கு மேல் விட எனக்கு மனம் வராது. பத்து ஃபெரிங்கி கடற்கரை முன்னால் ஜெட்ஸ்கி ஓட்டுகிறவர்களின் கண்ணுக்குப் படகு தெரியும், தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும் கயிறு தெரியாது. இரண்டுக்கும் நடுவில் புகுந்துபோகப் பார்ப்பார்கள். தெலுக் பஹாங்கிலும் ஜெரெஜாக் தீவுப் பக்கமும் மீன் வளர்ப்புக் கூண்டுகளும் வலை மிதவைகளும் கிடக்கின்றன. படகு வளைந்து தாண்டிவிடும், பின்னால் வரும் கயாக் வளைவின் உட்பக்கமாக வெட்டிக்கொண்டுவந்து மிதவையில் சிக்கிக்கொள்ளும். நெரிசலான இடத்தில் கயிற்றைச் சுருக்குங்கள், வேகத்தைப் பாதியாக்குங்கள், கயாக்கில் ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது ஒரு துணியைக் கம்பில் கட்டிவையுங்கள்.

எந்தக் கயிறு?

பாலிப்ரொப்பிலீன் கயிறு மிதக்கும், நைலான் மூழ்கும். நைலானுக்கு நீண்டு கொடுக்கும் குணம் உண்டு, வெடுக்கென்ற இழுப்பை விழுங்கிக்கொள்ளும். ஆனால் மூழ்கும் கயிறு புரொப்பெல்லரைத் தேடிப் போகும். ஆகவே நீளமான கயிறு மிதக்கும் ரகமாகவும், பிரைடல் மட்டும் குட்டையான நைலானாகவும் இருப்பது நல்ல ஏற்பாடு. 8 முதல் 10 மில்லிமீட்டர் தடிமன் போதும். நம் ஊர் வெயிலில் பாலிப்ரொப்பிலீன் சீக்கிரம் பொடியும். தொட்டால் கையில் தூசாக உதிர்கிறதென்றால் துணி காயப்போட வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்பதும் பின்னால் வருவதும்

எஞ்சினை அணைத்தால் படகு சட்டென்று வேகம் இழக்கும். கயாக்குக்கு அந்தச் செய்தி போய்ச்சேராது. அது வந்த வேகத்தில் வந்துகொண்டே இருக்கும். வழுவழுப்பான அடிப்பாகம், குறைந்த இழுவை, நேராக உங்கள் வாலை நோக்கி. நடுவில் தொய்ந்த கயிறு புரொப்பெல்லருக்குப் பக்கத்தில் மிதக்கும். அந்த நேரம் பார்த்து ஓட்டுநர் ரிவர்ஸ் போட்டால் கயிறு தண்டில் சுற்றிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும், கயாக் பக்கத்தில் வந்து இடிக்கும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும். ஒருவர் பின்னால் நின்று கயிற்றைக் கைமேல் கையாக இழுத்துச் சேர்க்கவேண்டும். கயாக்கைப் படகின் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்து குட்டையாகக் கட்டியபிறகுதான் ரிவர்ஸ், நங்கூரம், ஜெட்டி எல்லாம். இந்த வேலைக்கென்று ஒருவரைக் கிளம்பும்போதே சொல்லி வைத்துவிடுங்கள். "யாராவது பார்த்துக்குவாங்க" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள், எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பாய்மரப் படகு என்றால்

ஒரு விதத்தில் பாய்மரப் படகு இதற்குப் பொருத்தமானது. அதன் இயல்பான வேகமே 5, 6 நாட்தான், கயாக்கின் எல்லைக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் அந்த வேகம் ஓட்டுநர் கையில் இல்லை, காற்றின் கையில் இருக்கிறது. காற்று விட்டால் கயிறு தொய்யும், வீசினால் வெடுக்கென்று இறுகும். பின்காற்றில் போகும்போது பின்னாலிருந்து வரும் அலை கயாக்கைத் தள்ளிக்கொண்டுவந்து படகின் வாலில் மோதவிடும். அப்போது கயிற்றை நீட்டி, கயாக்கின் வாலில் ஒரு சிறு வாளியையோ கயிற்றுச் சுருளையோ தண்ணீரில் இழுபடக் கட்டினால் பிடிமானம் கூடும்.

தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அதிகாலையில் சுமத்ரா பக்கமிருந்து வரிசைகட்டி வரும் புயல்மழையை மலாக்கா நீரிணைக் கரைக்காரர்கள் அறிவார்கள். சில நிமிடங்களில் வானம் கறுத்துக் காற்று அறையும். காலியான கயாக்கைக் காற்று புரட்டிப்போட நேரம் ஆகாது. மேற்கே கறுப்பு தெரிந்தவுடனே கயாக்கை மேல்தளத்தில் ஏற்றிக் கட்டிவிடுங்கள். காற்று வந்தபிறகு அந்த வேலையைச் செய்ய முடியாது.

தண்ணீர் ஏறினால்

கால் நீட்டி உள்ளே உட்காரும் வகைக் கயாக்கில் திறப்பை மூடாமல் இழுக்கவே கூடாது. 200 லிட்டர் தண்ணீர் ஏறினால் கூடுதல் எடை 200 கிலோ. அதுவும் முன்னும் பின்னும் ஓடுகிற எடை. மூக்குக்கு ஓடினால் மேலே சொன்ன நோய் அத்தனையும் ஒன்றாக வரும். மேலே உட்காரும் வகையில் ஏறும் தண்ணீர் ஓட்டைகள் வழியாக வடிந்துவிடும், இழுப்பதற்கு அதுவே ஏற்றது. அதிலும் உள்கூட்டின் வடிகாலை அடைக்கும் திருகு மூடியும் பின்பக்கப் பெட்டி மூடியும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டு கயாக்கை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டலாம். ஆனால் பின்கயாக்கின் இழுப்பு முன்கயாக்கின் வால் கைப்பிடியில் விழக்கூடாது. முன்கயாக்கின் அடிவளையத்திலிருந்தே அதற்குத் தனிக்கயிறு போகவேண்டும். மூன்றாவது கயாக் என்றால் இரண்டு நடையாகப் போங்கள்.

ஆளை உட்காரவைத்து இழுக்கலாமா?

விளையாட்டுக்கு வேண்டாம். கயாக் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவருக்கும் படகுக்கும் நடுவில் இறுகிய கயிறு இருக்கும், ஓட்டுநர் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார். களைத்துப்போனவரைக் கரைசேர்க்க வேறு வழியில்லை என்றால் மட்டும், நடைவேகத்தில், உயிர்காப்பு அங்கியோடு, பின்னால் ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க இழுக்கலாம். கயாக்கில் இருப்பவர் தன் கையாலேயே ஒரே இழுப்பில் கயிற்றைக் கழற்றிவிட முடியவேண்டும். இன்னும் நல்லது, அவரைப் படகில் ஏற்றிக்கொண்டு கயாக்கைக் காலியாக இழுப்பது.

முக்கா ஹெட்டைத் தாண்டும்போது

1883-இல் கட்டிய கலங்கரைவிளக்கம் நிற்கும் அந்த முனைவரை தீவு காற்றை ஓரளவு மறைத்துத் தரும். முனையைச் சுற்றிக் கெராச்சுட் பக்கம் திரும்பினால் மேற்குக் கடல் நேராக முகத்தில் அறையும். தெலுக் பஹாங்கில் தட்டையாகக் கிடந்த நீரை வைத்துக் கெராச்சுட்டை எடைபோடாதீர்கள். முனையில் வெள்ளை நுரை தெரிந்தால் கயாக்குகளைக் குரங்குக் கடற்கரையிலேயே இறக்கி அங்கேயே துடுப்புப் போடலாம்.

அங்கே கவிழ்ந்து நிறைந்த கயாக்கை இழுத்துக்கொண்டே போகப் பார்க்காதீர்கள். படகை நிறுத்தி, பக்கத்தில் கொண்டுவந்து, மூக்கைத் தூக்கித் தண்ணீரை வடியுங்கள். அலை அதற்கு விடவில்லை என்றால் கயிற்றை விட்டுவிடவேண்டியதுதான். கிளீட்டில் முடிச்சாகப் போடாமல் எட்டு எட்டாகச் சுற்றிவைத்திருந்தால் இறுக்கத்திலும் அவிழும். அவிழாவிட்டால் அறுக்கக் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கத்தி இருக்கட்டும். விட்டபிறகு உடனே 999-ஐ அழைத்து, எந்த இடத்தில் விட்டீர்கள், அதில் ஆள் இல்லை என்பதைச் சொல்லிவிடுங்கள். காலியாக மிதக்கும் கயாக்கைப் பார்க்கும் மீனவர் யாரோ கடலில் விழுந்துவிட்டார் என்றுதான் நினைப்பார், தேடுதல் தொடங்கிவிடும். கயாக்கின் உட்புறம் அழியாத மையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிவைத்தால், கண்டெடுத்தவர் முதலில் உங்களுக்குத்தான் போன் செய்வார்.